நகக்கண்ணில் பச்சை

முன்தங்கலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே நகம் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பத்து விரலும் பளிச்சென்று இருக்க வேண்டும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும், உடம்பின் உணர்ச்சிகளைப் பதிவதற்காக நகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுகிற நகப்பொட்டு பிடிக்காது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விருதுநகர் வீட்டு வாசலில் தருண் நகவெட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த தெருக்காரர்கள், சார் மறுபடியும் கிளம்பிவிட்டார் என்று புரிந்துகொண்டார்கள்.

தருணுக்கு வயது அறுபத்தொன்று. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவருடைய அக்கா நேத்ராவுக்கு அறுபத்தெட்டு. ரிஷிகளும் தன்விகாக்களும் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற காலம் இது. என்ன செய்ய, குழந்தைக்குப் பேர் வைக்கும்போது யாரும் கிழவனை நினைத்து வைப்பதில்லை.

மூன்று நாள் அத்தையைப் பார்த்துக்கொள்வதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் மேகா காபியை நீட்டினாள்.

“அப்பா, இந்தத் தடவையாவது மனசைத் திறந்து வெச்சுட்டுப் போங்க.”

“மனசைத்தான் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்றாங்களேம்மா.”

“கிண்டல் வேண்டாம். ரெண்டு இடத்தை வேண்டாம்னு எழுதிட்டு வந்துட்டீங்க. இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் உங்க உடம்பு தாங்காது.”

தருண் சுண்டுவிரல் நகத்தை இன்னும் ஒரு தரம் வெட்டினார். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

முன்தங்கல் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் மறதி இல்லங்களைப் பார்க்கப் போனவர்கள் தரையைப் பார்த்தார்கள், கழிப்பறையை மோந்து பார்த்தார்கள், சுவரில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் சிரித்த சிரிப்பை நம்பிப் பெற்றவளை விட்டுவிட்டு வந்தார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று அவளையே கேட்கலாம் என்றால் அவளுக்கு நேற்று நடந்ததே ஞாபகம் இருக்காது. சாட்சி சொல்ல முடியாத மனிதர்களை மட்டும் வைத்து நடத்துகிற இடத்தில் எதுவும் நடக்கலாம் அல்லவா? நடக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் யோசித்தது. யார் கொண்டுபோய் விடுகிறாரோ அவர் முதலில் ஒரு நாள் உள்ளே இருந்துவிட்டு வரட்டும். நல்ல நினைவோடு இருந்தால் எல்லாரும் நன்றாகத்தான் நடத்துவார்கள், ஆகவே நினைவில்லாமல் இருந்துவிட்டு வரட்டும்.

இதற்காகச் செய்ததுதான் மறப்புப் பட்டை. நெற்றியைச் சுற்றித் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும், பார்த்தால் தெரியாது. அது இருக்கிற இருபத்துநான்கு மணி நேரமும் புதிதாக நடக்கும் எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் மனதில் தங்காது. பழைய ஞாபகங்களிலும் பாதி எட்டாத பரணுக்குப் போய்விடும். போகிறவருக்கு வேறு ஒரு பெயர் கொடுத்து, நிஜமாகவே புதிதாகச் சேருகிறவர்களோடு சேர்த்து ஒரே வேனில் ஏற்றி அனுப்புவார்கள். யார் நிஜம், யார் சோதனை என்று இல்லத்துக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் நிஜமாகவே பார்த்துக்கொண்டாக வேண்டும். மூளைக்கு நல்லதில்லை என்று வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பட்டை போட டாக்டர்கள் அனுமதிப்பதில்லை.

தருண் முதலில் போய் வந்தது மதுரையில் ஓர் இல்லம். பட்டையைக் கழற்றியபோது தொண்டை கட்டிப்போயிருந்தது. ஏழு மணி நேரம் கத்தியிருக்கிறார். இரண்டாவது இடத்தில் கத்தவில்லை, அழவில்லை. நகப்பொட்டின் உடல்பதிவில் கோடு படுத்துக்கிடந்தது. பயம் இல்லை, சந்தோஷம் இல்லை. பதின்மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

கிளம்புகிற நேரத்தில் நேத்ரா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கையுதவி என்கிற இயந்திரம் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துத் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் காப்பு நிலையில் இருந்தது. அடுப்பு பூட்டு, குழாய் பூட்டு, கத்தி இருக்கிற அலமாரி பூட்டு, வாசல் பூட்டு. ஆறு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அக்கா நாலுவழிச் சாலையின் நடுவில் செருப்பில்லாமல் நின்றதைக் கண்ட பிறகு, தருண் அவள் கையில் எதையும் விட்டுவைக்கவில்லை. பாவம், அந்தக் கைகள் சும்மா இருக்கப் பழகாதவை. புடவைத் தலைப்பைச் சுருட்டும், விரிக்கும், மறுபடியும் சுருட்டும்.

நேத்ரா முப்பது வருடம் பெண்கள் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள். புதிதாக வந்த பிள்ளை அழுதால் ஆறுதல் சொல்ல மாட்டாள். ஒரு தட்டுப் பூண்டை முன்னால் வைத்து “உரி” என்பாள். உரித்து முடிப்பதற்குள் அழுகை நின்றுவிடும். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்ததும் அவள்தான். அவனும் நிறையப் பூண்டு உரித்திருக்கிறான். ‘உன்னை எங்கேயும் கொண்டுபோய் விடமாட்டேன் அக்கா’ என்று மூன்று வருடத்துக்கு முன் அவள் கையைப் பிடித்துச் சொன்னவரும் இதே தருண்தான். வேறு யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவராகச் சொன்னது.

“போயிட்டு வரேன்க்கா.”

நேத்ரா நிமிர்ந்து பார்த்தாள். “யாருங்க நீங்க? டிவி ரிப்பேருக்கு வந்தீங்களா?”

“நான் தருண்க்கா. உன் தம்பி.”

“அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்,” என்றாள் நேத்ரா.

தருண் திருத்தத்தான் வாயெடுத்தார். மேகா முறைத்ததால் விட்டுவிட்டார். இந்தத் திருத்துகிற வியாதி அவருக்குத் தொழிலால் வந்தது. இயந்திரங்கள் எழுதித் தள்ளுகிற அறிக்கைகளில் பொய் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைக்கும் மெய்பார்ப்பாளர் வேலை. அதில் முப்பது வருடம் இருந்தவர். கல்யாண வீட்டில் யாராவது ‘ஆயிரம் பேர் வந்தாங்க’ என்றால் ‘அறுநூத்தி நாப்பது’ என்பார். அவரை யாரும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் இந்தத் திருத்தம் தினமும் நாலு மணிக்கு நடக்கும். நாலடித்தால் நேத்ரா எழுந்துவிடுவாள். “பிள்ளைங்க வர்ற நேரமாச்சு, கேட்டைத் திறடா. தனியா நிப்பாங்கடா!”

“எந்தப் பிள்ளைங்கக்கா? ஹாஸ்டலை மூடி பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“மூடிட்டாங்களா? எப்ப? எங்கிட்ட யாருமே சொல்லலையே!”

பிறகு ஒரு மணி நேரம் அழுகை. மறுநாள் நாலு மணிக்கு அந்த ஹாஸ்டல் மறுபடியும் மூடப்படும், அவள் மறுபடியும் புதிதாக அழுவாள். தருணும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார். ஆனாலும் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தென்காசிப் பதிவு நிலையத்துக்கு ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டார். அன்று குற்றாலத்தில் அருவி விழுகிற நாள். வருடத்துக்குப் பதினொரு நாள்தான் விழுகிறது, அதனால் ஊர் முழுக்கக் கூட்டம். பதிவாளர் கிருபா நாற்பது வயதுப் பெண், எதற்கும் அசையாத முகம். அவருடைய பத்து விரலையும் வாங்கிப் பார்த்தாள்.

“நல்லா வெட்டிருக்கீங்க சார். மூணாவது தடவையா?”

“ஆமாம்மா.”

“இளவெயில் இல்லம். உங்களுக்கு உள்ளே பேரு ஹரீஷ். வேன் பத்து மணிக்கு. பட்டை போடும்போது ஒரு நிமிஷம் சில்லுன்னு இருக்கும்.”

சில்லென்று இருந்தது. தருண் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது மறுநாள் காலை பத்தரை மணி. அதே அறை, அதே நாற்காலி, அதே கிருபா. நடுவில் ஒரு முழு நாள் எங்கே போனது என்று தெரியவில்லை. இதற்கு முன் இரண்டு தடவையும் கண் விழித்ததும் ஒரு வாதை இருந்தது. இப்போது உடம்பு லேசாக இருந்தது. நல்ல மழையில் நனைந்துவிட்டு வந்து தலைதுவட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. ஏதாவது மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்களா?

“மருந்து எதுவும் இல்லை,” என்றாள் கிருபா. “ரத்தத்தைப் பார்த்தாச்சு. உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கு சார். அதுக்குள்ள கையெழுத்துப் போடணும். நேரம் ஆக ஆக உடம்புல இருக்கிற உணர்ச்சி போயிரும், அப்புறம் மூளை அதோட கதையை ஆரம்பிச்சுரும்.”

படிவம் ஒரே பக்கம். அடித்தார்களா, கட்டிவைத்தார்களா, பட்டினி போட்டார்களா, வேலை வாங்கினார்களா என்று கட்டங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: மறுபடியும் போகச் சொன்னால் போவீர்களா?

பேனாவை வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்த அவருடைய விரல்களில், நகக்கண் முழுக்கப் பச்சை. மோந்து பார்த்தார். முருங்கைக்கீரை.

“இது என்னம்மா?”

“எனக்குத் தெரியாது சார். நான் உள்ளே பார்க்கக் கூடாது.”

கிருபா உடல்பதிவைத் திரையில் விரித்தாள். காலையில் கோடு கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தது, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம். மூன்று ஐம்பதுக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது. அச்சம். நாற்பது நிமிடம் இறங்கவே இல்லை. மதுரையில்கூட இவ்வளவு உயரம் போனதில்லை. அதற்குப் பிறகு ஒரேயடியாக விழுந்து, சாயங்காலம் முழுக்கக் குளத்துத் தண்ணீராகக் கிடந்தது.

தருணுக்குள் இருந்த மெய்பார்ப்பாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பயமுறுத்தியிருக்கிறார்கள், பிறகு வேலை வாங்கியிருக்கிறார்கள். நகக்கண்ணே சாட்சி. “என் குரலைப் போடுங்க,” என்றார். உள்ளே பதிவாகிறவற்றில் மற்றவர்களுடைய பேச்சை வெளியே தரமாட்டார்கள். அவரவர் குரலை மட்டும் அவரவர் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று ஐம்பதிலிருந்து போட்டாள். முதலில் கம்பி ஆடுகிற சத்தம். பிறகு அவருடைய குரல். அவருக்கே அடையாளம் தெரியாத, உடைந்த குரல்.

“விடுங்க என்னை… எங்க அக்கா தனியா இருப்பா… நேரமாச்சு… அவளுக்குச் சாப்பாடு குடுக்கணும்… தனியா இருப்பாங்க, திறங்க!”

 வார்த்தைக்கு வார்த்தை அக்காவின் நாலு மணி. அதே இழுப்பு, அதே பதற்றம். ஒரு நாள் மறந்து இருக்கச் சொன்னால், அவரும் நேரே கேட்டைத்தான் போய்ப் பிடித்திருக்கிறார்.

அப்படியே நாற்பது நிமிடம். பிறகு இடைவெளி விட்டு விட்டு அவருடைய குரல் மட்டும் வந்தது.

“அப்படியா?”

மௌனம்.

“எவ்வளவு?”

மௌனம்.

“இந்தக் காம்பையுமா?”

நீண்ட மௌனம். பிறகு ஒரு சிரிப்பு, வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. கிருபாவின் அசையாத முகம்கூடக் கொஞ்சம் அசைந்தது. தன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று தருண் கணக்குப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

“விளக்கம் கேட்கணும்,” என்றார். “இல்லத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்க.”

கேட்க உரிமை உண்டு. கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து இறங்கினாள். பொறுப்பாளர் சமீரா, ஐம்பது வயது இருக்கும், தலையில் முக்காடு, கையில் இன்னும் ஹெல்மெட். தருணைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அல்லாவே! ஹரீஷ் சாரா? நீங்களா சோதனை? நாங்க உங்களுக்குக் கட்டில்கூட ஜன்னலோரமா மாத்திவெச்சிருந்தோமே!”

“என் பேரு தருண். நேத்து நாலு மணிக்கு எனக்கு என்ன நடந்துச்சு?”

சமீரா உட்கார்ந்தாள். “அழுதீங்க. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு அழுகை. நான், நர்ஸ் ரெண்டு பேர், மூணு பேரும் வந்து நின்னோம். டீ குடுத்தோம், பாட்டுப் போட்டோம், ஒண்ணும் வேலைக்கு ஆகலை. உண்மையைச் சொல்லிரலாமான்னு ஒரு நர்ஸ் கேட்டா. என்ன உண்மை? உங்க அக்கா இருக்காங்களா இல்லையான்னே எங்களுக்குத் தெரியாதே. அப்பத்தான் பிரிசில்லாம்மா வந்தாங்க.”

“அவங்க டாக்டரா?”

“இல்லைங்க. எங்ககிட்ட மூணு வருஷமா இருக்கிறவங்க. நாசரேத்துப் பக்கம். நூறு பேருக்குச் சமைச்சுப் போட்ட கை. இப்ப சில நாள் தன் பேரே ஞாபகம் இருக்காது. அவங்க நேரா வந்து உங்க கையைக் கேட்டுல இருந்து எடுத்தாங்க. ‘அக்காவுக்குச் சாப்பாடுதானே? அழுதுகிட்டு நின்னா வெந்துருமா? வா, கீரை உருவு’ன்னாங்க. நீங்க ‘அப்படியா’ன்னு கேட்டீங்க. ‘எவ்வளவு’ன்னு கேட்டீங்க. ஒரு கட்டு முருங்கைக்கீரையை மடியில வெச்சாங்க.”

“இந்தக் காம்பையுமான்னு கேட்டேன்.”

“ஆமா. ‘காம்பைத் தின்னா உங்கக்கா மாடா?’ன்னாங்க. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.”

தருணுக்கும் இப்போது சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். விசாரணை இன்னும் முடியவில்லை.

“அக்காவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு சொன்னது பொய்தானே?”

சமீரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “பொரியல் பண்ணி முடிச்சதும் நீங்களே ஒரு தட்டுல வாங்கிட்டுப் போனீங்க. பிரிசில்லாம்மா பக்கத்துல உட்கார்ந்து, ‘அக்கா, சாப்பிடு’ன்னு ஊட்டிவிட்டீங்க. அவங்களும் சாப்பிட்டாங்க. அவங்களுக்குத் தம்பி இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. இதுல எது பொய்னு நீங்கதான் சொல்லணும்.”

தருண் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் யாராவது அவர் காதில் உண்மையைச் சொல்லியிருந்தால்? உன் அக்காவுக்கு நீ யாரென்றே தெரியாது, அவள் உனக்காகக் காத்திருக்கவில்லை, போய் உட்கார் என்று? முழு உண்மை அது, முத்திரை வைக்கலாம். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவர் அக்காவுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.  சமீராவுக்கும் கிருபாவுக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார்.

“எல்லாருக்கும் இப்படிக் கீரை கிடைக்குமா?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

சமீரா குரலைத் தணித்தாள். “நிஜத்தைச் சொல்லிர்றேன். மாசம் ஆறேழு பேர் உங்களை மாதிரி சோதனைக்கு வருவாங்க போல. யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா புதுசா வந்து பயந்துபோய் நிக்கிற ஆளைப் பார்த்தா எங்க பழைய ஆளுங்க எழுந்திருச்சுருவாங்க. நாள் முழுக்கப் படுத்தே இருக்கிற ஆள்கூட எழுந்து வந்து தண்ணி குடுக்கும். ஒருத்தரைத் தேத்துறதுக்கு ஞாபகம் எதுக்குங்க? அரசாங்கம் எங்களை வேவு பார்க்க ஆள் அனுப்புது. எங்களுக்கு அது பெரிய உபகாரமா இருக்கு.” நிறுத்திவிட்டு, படிவத்தைப் பார்த்தாள். “வேலை வாங்கினாங்கன்னு நீங்க எழுதினா சமையல்கட்டை மூடச் சொல்லிருவாங்க. அது உங்க இஷ்டம். நான் கெஞ்ச மாட்டேன்.”

பத்து நிமிடம்தான் மிச்சம் இருந்தது. தருண் பொய் எழுதத் தெரியாதவர். ‘வேலை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘ஒரு கட்டு முருங்கைக்கீரை உருவினேன். இன்னொரு கட்டு கொடுத்தாலும் உருவுவேன். இதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.’ கடைசிக் கேள்விக்கு, போவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் தோளிலிருந்து என்னவோ இறங்கியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, மூன்று வருடமாக அங்கேயே இருந்ததால் அது தோளின் பாகம் என்றே நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. நாலடித்ததும் நேத்ரா எழுந்தாள். “கேட்டைத் திறடா. பிள்ளைங்க தனியா நிப்பாங்க.”

மேகா, அப்பா ஆரம்பிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். தருண் போய்ச் சமையலறைப் பூட்டை எடுத்துவிட்டார். ஒரு தட்டு நிறையப் பூண்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார்.

“வந்தா சாப்பாடு வேணும்ல அக்கா? உரிப்போம்.”

நேத்ராவின் விரல்கள் புடவைத் தலைப்பை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போயின. அடேயப்பா, என்ன வேகம்! ஒரு நசுக்கு, ஒரு திருகு, தோல் தனி, பல் தனி. தருண் உரித்த ஒன்றை எடுத்துப் பார்த்து, “இதுக்குப் பேரு உரிக்கிறதா? பாதியை நகத்துல வெச்சிருக்கே!” என்று திட்டினாள். மேகா ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் ஹாஸ்டல் மூடப்படவில்லை.

அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மேகாவும் கேட்டாள். தருணும் பத்து நாள் முயற்சி பண்ணிப் பார்த்தார். நாலு மணி சரியாயிற்று. ஐந்து மணிக்குப் பூண்டு தீர்ந்ததும் “பிள்ளைங்க எங்கடா?” என்று கேட்பாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை, அதற்கும் அறுபத்தொன்று, நாள் தவறாமல் பூண்டு தின்று நெஞ்செரிச்சல். “முப்பது வருஷம் நாப்பது பேரைக் கட்டி மேய்ச்சவம்மா அவ,” என்று மேகாவிடம் சொன்னார். “நான் ஒருத்தன் எப்படிப் போதும்?” கொடுத்த வாக்கு அவரை உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது அக்காவுக்காகக் கொடுத்த வாக்கா, தனக்காகக் கொடுத்ததா என்று இப்போது அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் இளவெயில் இல்லத்துக் கேட்டில் வண்டி நின்றது. தருண் அந்த இடத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார், அவருடைய மூளைக்குத் தெரிந்தவரை. ஆனால் கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தயங்கவில்லை. வேப்பமரம், சிமெண்டு பெஞ்சு, கம்பிக் கேட்டு. சமையல்கட்டு வாசலில் வெள்ளைத்தலை அம்மாள் ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிரிசில்லாம்மா என்று சமீரா காட்டினாள். தருண் கும்பிட்டார். அந்த அம்மாளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சொல்லப்போனால் அவருக்கும்தான் தெரியவில்லை. இரண்டு பேரும் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டார்கள்.

நேத்ரா பையை மார்போடு அணைத்துக்கொண்டு மிரண்டுபோய் நின்றாள். “என்னை எங்க கூட்டிட்டு வந்திருக்கே? நான் வரலை. வீட்டுக்குப் போவோம்,” என்று தருணின் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. தருண், படிவத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அக்காவை வண்டியில் ஏற்றிவிடலாமா என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தார்.

அப்போது மணி நாலு ஆகியிருக்க வேண்டும். கேட்டருகே யாரோ விம்முகிற சத்தம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நல்ல காட்டன் புடவை, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா தேடுவாங்க, திறங்க,” என்று அழுதுகொண்டிருந்தாள். அன்று காலை வேனில் வந்தவளாம். கம்பியைப் பற்றியிருந்த அவளுடைய விரல்களைத் தருண் பார்த்தார். பத்து நகமும் ஒட்ட வெட்டி, பளிச்சென்று இருந்தன. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நேத்ராவும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தருணின் கையில் இருந்த பிடி தளர்ந்தது. பையைக் கீழே போட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

“என்னம்மா, முதல் நாளா? முதல் நாள் இப்படித்தான் இருக்கும். அம்மா எங்கேயும் போயிர மாட்டாங்க. வா, முகத்தைக் கழுவு. இங்க ரெண்டாவது குழாய்லதான் தண்ணி நல்லா வரும், முதல் குழாயைத் தொடாதே.”

அவள் அந்த இடத்துக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இல்லாத குழாயைப் பற்றி என்ன அதிகாரம்! அந்தப் பெண் விம்மலை நிறுத்திவிட்டு நேத்ராவின் முகத்தையே பார்த்தாள். நேத்ரா அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பிரிசில்லாம்மா முறத்தைத் தள்ளி உட்கார இடம் விட்டாள். முறம் நிறைய உரிக்காத சின்ன வெங்காயம்.

தருண் வேப்பமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்று சொல்லவேண்டுமே, எப்படிச் சொல்வது, சொன்னால் மறுபடியும் கையைப் பிடித்துக்கொள்வாளோ என்று தயங்கினார். அவர் நிற்பதை நேத்ராவே பார்த்துவிட்டாள். அந்தப் பெண்ணை வெங்காயத்துக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு அவரிடம் வந்தாள். முப்பது வருடம் ஹாஸ்டல் வாசலில் எத்தனையோ அப்பா, அண்ணன்களுக்குக் காட்டிய அதே வார்டன் முகம்.

“யாரைக் கொண்டு விட வந்தீங்க?”

 “எங்க அக்காவைங்க,” என்றார் தருண்.

“அதுக்கு எதுக்கு அழறீங்க? இங்க நிக்காதீங்க, உங்களைப் பார்த்தா அவங்களும் அழுவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள். “கவலைப்படாம போயிட்டு வாங்க. உங்க அக்காவை நான் பாத்துக்கிறேன்.”

முப்பது வருடம் வரிக்கு வரி பொய் தேடிய மனிதர். அதில் திருத்துவதற்கு அவருக்கு ஒன்றும் தென்படவில்லை.

“சரிங்க,” என்று கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.